தினேஷை நிறுத்திய சனிக்கிழமை

போன மாதம் எமிலி என்னைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டாள். மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சிகிச்சை நிலையத்தில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, என் இடத்துக்கு வந்திருப்பவள் அவள். அதற்கு முன் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வேலை செய்திருக்கிறாள். அங்கே கால்பந்து ஆடுகிற மாணவனுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாமே அந்த ஆட்டத்தால் வருகிறதாம். அடிபட்டவனை உட்காரச் சொன்னால் அவன் தாய் தகப்பன் முதற்கொண்டு எல்லோரும் சண்டைக்கு வருவார்களாம்.

"இங்கே ஒருவருக்கும் ஸ்காலர்ஷிப் இல்லை. சும்மா ஆசைக்கு ஆடுகிறார்கள். அடிபட்டவனை நிறுத்துவது உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும், இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை என்றேன். மேலே சொல்லுவேன் என்று அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்தபின் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. இந்தக் கதையின் முக்கியமான பகுதி தமிழில்தான் நடந்தது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் பிசியோதெரபி படித்து, தனியாக இங்கே வந்தவள். இந்த நாட்டுப் பரீட்சைகளை எழுதித் தேறும்வரை முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தேன். பிறகு ஆஸ்பத்திரி, அதன் பிறகு பல்கலைக்கழகம். கல்யாணம் செய்யவில்லை. அதற்குக் காரணம் சொல்லவேண்டிய வயதையும் தாண்டிவிட்டேன். கிழமை நாட்களில் சிகிச்சை நிலையம். சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகக் கால்பந்துக் கழகத்தின் ஆட்டங்கள். மெல்பேர்ணில் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்து, கையில்லாத பனியன், பெரிய வட்ட மைதானம், ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பந்தைப் பிடிப்பது. ஃபூட்டி என்பார்கள்.

நம்மவர்கள் கல்யாணம், பூப்பு நீராட்டு, அரங்கேற்றம் எல்லாவற்றையும் சனிக்கிழமையில்தான் வைப்பார்கள். முதல் சில வருடங்கள் என்னைக் கூப்பிட்டார்கள். பிறகு, "அவவுக்குச் சனிக்கிழமை வேலை" என்று தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அதையும் சொல்லவில்லை. கேரம் டவுன்ஸ் புறநகரில் இருக்கிற நம்மவர்களின் கோயிலுக்கு ஞாயிறு காலையில் போவேன். முதல்நாள் கொண்டாட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பெண்களுக்குப் பக்கத்தில் நின்று சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

என் வேலையை எனக்குக் கற்றுத் தந்தது பரீட்சைகள் அல்ல, மொய்ரா. சிகிச்சை நிலையத்தின் தலைமை அவர்தான். நெடிய உருவம். குட்டையாக வெட்டிய நரைத்த தலைமயிர். மழையானாலும் வெயிலானாலும் ஒரே பச்சை மழைக்கோட்டு. மைதானத்தில் ஒருவன் விழுந்துவிட்டால் மற்ற அணிகளின் சிகிச்சையாளர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மொய்ரா ஓடமாட்டார். வேகமாக நடப்பார். "நீ ஓடினால் விழுந்து கிடப்பவன் பயப்படுவான். அதோடு, ஓடிப்போனால் உனக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறபோது உன்னால் அவன் மூச்சைக் கவனிக்க முடியாது" என்றார் முதல் வாரத்திலேயே.

அவருக்கென்று சில ஒழுங்குகள் இருந்தன. ஆட்டம் தொடங்குவதற்கு முன் மைதானத்தைச் சுற்றி நடந்து, ஆம்புலன்ஸ் வரும் கேட் பூட்டில்லாமல் இருக்கிறதா என்று கையால் தள்ளிப் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் போதாது. விழுந்தவன் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்து, அவன் முகத்தின் உயரத்துக்குத் தன் முகத்தைக் கொண்டுவருவார். "உனக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்கவே கூடாது என்பார். அப்படிக் கேட்டால் இருபது வயதுப் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று மட்டும் கேட்பார். சொல்லும்போது வார்த்தையைக் கேட்பதைவிட, வார்த்தைகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதைக் கேட்பார். தலையில் அடிபட்டவன் திரும்ப ஆடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டால், பேச்சுக்கு முன்னால் அவனுடைய ஒரு கால் சப்பாத்தைக் கழற்றித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார். ஒரு சப்பாத்தோடு ஒருவனும் ஃபூட்டி ஆட முடியாது. வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

எங்கள் கழகத்தில் ஆடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைக்காதது மட்டுமில்லை, ஆடுவதற்கு அவர்களே சந்தா கட்டவேண்டும். அணியின் பனியன்களை முறை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொண்டு வருவார்கள். பயிற்சியாளர் கிரெக் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவருக்கும் சம்பளம் இல்லை. ஆளைத் தெரிந்து எடுப்பதும் இல்லை. யார் வந்து நின்றாலும் நாலாவது அணியிலாவது இடம் உண்டு. வென்றால் உடைமாற்றும் அறையில் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று கழகப் பாட்டைக் கத்திப் பாடுவார்கள். நான் வாசலில் நின்று ஐஸ் பைகளைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

அந்தக் கழகத்துக்கு ஒருநாள் தினேஷ் வந்து சேர்ந்தான்.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவன். மெலிந்தவன், மின்னல் மாதிரி ஓடுவான். வந்த முதல் அரையாண்டு முழுக்க, ஒரு மாடிக் கட்டடத்துச் சின்ன அறையில் இருந்துகொண்டு, கடைக்காரரைத் தவிர யாரோடும் பேசவில்லை என்று பிறகு சொன்னான். ஒருநாள் சாமான் பையோடு எங்கள் மைதானத்தின் குறுக்கே நடந்து வந்திருக்கிறான். பயிற்சியில் இருந்த பந்து உருண்டு அவன் காலடிக்கு வந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு உதைத்தான். பந்து போன தூரத்தைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமையும் வா" என்றார்கள். வந்தான். டினோ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவன் திரும்புகிற விதத்திலேயே சந்தோஷம் தெரியும்.

முதல் தடவை கணுக்காலுக்குக் கட்டுப் போட வந்தபோது என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "ராஜேஸ்வரி... ஆன்ட்டி, நீங்க தமிழா?" என்று கேட்டான்.

"ஓம். காலை ஆட்டாமல் வைச்சிரு."

"ஓம்னா என்ன ஆன்ட்டி?"

"ஓம் எண்டால் ஓம்தான்."

யாழ்ப்பாணத்தில் 'ஆமாம்' என்பதற்கு அப்படித்தான். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஈப்போவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்பதால் நன்றாக எழுத வாசிக்கவும் தெரியும். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் என் மேசைக்கு வந்து கட்டுப் போட்டுக்கொள்ளும் நேரத்தில் நாங்கள் தமிழில் பேசுவோம். அவன் அம்மா செய்கிற மீன் குழம்பு, பரீட்சையில் வந்த கேள்வி, அவன் அறை ஜன்னலில் வந்து உட்காரும் புறா. பெரிதாக ஒன்றுமில்லை. கோயிலில் ஒரு வருடம் பேசியதைவிட அந்தக் கட்டுப் போடுகிற நேரத்தில் நான் அதிகம் பேசினேன்.

முதல் தடவை அவன் தலையில் அடிபட்டது, சேர்ந்த அடுத்த வருடம். மூளை குலுங்குகிற இந்த அடியைக் கன்கஷன் என்போம். வெளியில் காயம் தெரியாது. ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் ஓய்வெடுத்துத் திரும்பி வந்தான். இரண்டாவது அடி அதற்கடுத்த வருடம். அந்தத் தடவை தலையிடி போவதற்கு அதிக நாள் எடுத்தது. வெளிச்சம் பார்த்தால் கண் கூசுகிறது என்றான். மொய்ரா அவனைக் கூப்பிட்டு, இன்னொன்று வந்தால் பேச்சே இல்லை என்று சொல்லி வைத்தார்.

"அம்மாகிட்ட சொல்லலயே ஆன்ட்டி?" என்று கேட்டான் என்னிடம்.

"நான் ஏன் சொல்லப்போறன்? நீ சொல்லு."

"நான் இங்க பேட்மிண்டன் ஆடுறேன்னு நெனச்சிட்டு இருக்காங்க லா" என்றான், மலேசியத் தமிழர் வாக்கியத்தின் முடிவில் ஒட்டுகிற அந்த 'லா'வோடு.

மூன்றாவது அடி அரையிறுதி ஆட்டத்தில் வந்தது. மழை விட்டிருந்தாலும் புல் ஈரம். ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது. பந்து மிக உயரமாக வந்தது. தினேஷ் அதைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக ஓடினான். பின்னாலிருந்து வந்த எதிரணிக்காரன் பாய்ந்தான். அவன் முழங்கால் தினேஷின் பின்தலையில் பட்டது. பந்தைப் பிடித்துக்கொண்டுதான் விழுந்தான். அதற்காகச் சனம் கைதட்டியது.

மொய்ரா அன்று மைதானத்தின் மறுபக்கத்தில் வேறொருவனுக்குத் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நடந்து போனேன். போய்ச் சேருவதற்குள் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்டேன். எந்த மைதானம்? எத்தனையாவது பகுதி? கடைசிக் கோலை யார் அடித்தது? போன வாரம் யாரோடு ஆடினோம்? எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னேன். டிசம்பரிலிருந்து ஜனவரி வரை ஓட்டமாக ஓடி முடித்தான்.

அவ்வளவு வேகம் சுகமானவனுக்கே வராது. இந்தப் பிள்ளைகள் கேள்விகளைப் பாடமாக்கி வைத்திருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அவனுடைய அணித்தோழர்கள் தங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து அவனுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கியதாகப் பிறகு ஒருவன் சொன்னான். அவன் வலது கை புல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருப்பவனுக்குப் பிடிமானம் எதற்கு?

அவன் முகத்தருகே குனிந்தேன். "தினேஷ், கிழமைகளைப் பின்னாலை இருந்து சொல்லு பாப்பம். தமிழிலை."

என்னைப் பார்த்தான்.

"ஞாயிறு," என்றான். "சனி. வெள்ளி..." நின்றான். "வெள்ளி..." உதடு அசைந்தது. "புதன்" என்றான். உடனே இல்லையென்று தலையை ஆட்டினான், அந்த ஆட்டத்திலேயே முகம் வெளிறியது. "வெள்ளிக்கு முன்னால... ஆன்ட்டி, ஒரு நிமிஷம். எனக்குத் தெரியும்."

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் படித்தது. அவன் கண்ணில் நீர் வந்துவிட்டது. வலியால் வந்தது அல்ல.

நான் அவனுடைய இடது சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான். இறுக்கமாக இல்லை.

"ஆன்ட்டி, ப்ளீஸ். வேணாம். இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு."

"கையை எடு, ராசா."

கையை எடுத்தான். சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஈரக் காலுறையோடு ஒரு காலை நொண்டிக்கொண்டு, என் தோளைப் பிடிக்காமல், அவன் எல்லைக் கோடு வரைக்கும் நடந்தான். கிரெக் ஓடி வந்து, ஆடுவானா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை, அடுத்தவனை உள்ளே அனுப்பினார். அணி தோற்றுப்போனது. உடைமாற்றும் அறையில் தினேஷ் கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தான். மொய்ரா வந்து அவன் கண்ணைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். நான் கூடப் போனேன். அவசரப் பிரிவில் தாதி என்னைக் காட்டி, "இவர் உன்னுடைய குடும்பமா?" என்று கேட்டார்.

"இல்லை, கழகத்தில் வேலை செய்பவர்" என்று அவன் ஆங்கிலத்தில் சொன்னான்.

சில வாரங்களுக்குப் பிறகு நரம்பியல் மருத்துவரின் முடிவு வந்தது. இனி எந்தக் காலத்திலும் உடலோடு உடல் மோதுகிற விளையாட்டு ஆடக்கூடாது. அவனிடம் அதைச் சொல்லவேண்டியது எங்கள் பொறுப்பு. மொய்ரா கெட்ட செய்தி சொல்லும்போது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கமாட்டார். கதிரையை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு, இரண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இருந்துகொண்டார். சுற்றி வளைக்காமல் முதல் வாக்கியத்திலேயே சொன்னார்: "தினேஷ், நீ இனி ஃபூட்டி ஆட முடியாது."

அவன் ஆங்கிலத்தில் கேட்டான். "எனக்கு ஸ்காலர்ஷிப் இல்லை. ஒப்பந்தம் இல்லை. என் படிப்பு அப்படியே இருக்கிறது. ஆகவே நான் ஒன்றையும் இழக்கவில்லை. அப்படித்தானே?"

ஓம் என்று சொல்லியிருந்தால் அது ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. மொய்ரா அப்படிச் சொல்லவில்லை. "இல்லை. நீ நிறைய இழக்கிறாய்" என்றார்.

அப்போதுதான் அவன் அழுதான். மொய்ரா அவன் முதுகில் கை வைக்கவில்லை, எழுந்து போகவும் இல்லை. அவன் அழுது முடிக்கும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். நான் கதவருகே நின்றேன். அன்று அவனுக்கு என்னோடு பேச ஒன்றும் இருக்கவில்லை.

கழகத்துப் பிள்ளைகள் நல்லவர்கள். அடுத்த பருவத்தில் தண்ணீர் கொடுக்க வா, புள்ளி எழுத வா என்று கூப்பிட்டார்கள். வந்தான். தண்ணீர்ப் போத்தல்களோடு ஓடினான். வென்ற அன்று பாட்டுக்கு வட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வாசலிலிருந்து பார்த்தேன், வாய் மட்டும் அசைந்தது. சேறு படாத சட்டையோடு அந்த வட்டத்தில் அவன் ஒருவன்தான். அதற்குப் பிறகு வரவில்லை. அணிக்கு வேறு ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்கும் பெயர் வைத்தார்கள். ஒருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாது. விளையாட்டுதான் அவர்களை ஒன்றாக வைத்திருந்தது. அது இல்லையென்றால் பேச என்ன இருக்கிறது?

நான் அவனுக்குப் போன் எடுத்தேன். "ஐ'ம் ஃபைன், ஆன்ட்டி" என்றான். இரண்டாம் தடவையும் அதேதான். ஒருநாள் வேலை முடிந்து அவன் கட்டடத்துக்குப் போய் மணியை அழுத்தினேன். மேலே வரச் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்தான். தபால் பெட்டிகளுக்கு முன்னால் நின்று பேசினோம். தாடி வளர்ந்திருந்தது.

"வகுப்புக்குப் போறியா?"

"போறேன்."

"சாப்பிடுறியா?"

அவன் தபால் பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டு நின்றான்.

"ஏன் ஆன்ட்டி தமிழ்ல கேட்டீங்க?"

"இங்கிலீஷிலை நீ பாடமாக்கி வைச்சிருந்தாய்."

"தெரியும். அதுக்காகத்தான் பாடமாக்கினேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "இந்த ஊர்ல என்கூடத் தமிழ் பேசுறது நீங்க ஒருத்தர்தான். அதுல போயி என்னைப் பிடிச்சீங்களே."

எனக்குப் பதில் இருந்தது. நான்காவது அடி பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதியோர் இல்லத்தில், ஒருகாலத்தில் பேர்போன ஆட்டக்காரனாக இருந்தவர், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கென்று தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதையெல்லாம் அவனிடம் சொல்லலாம். சொன்னால் வாதத்தில் வெல்லுவேன். அந்தத் தபால் பெட்டிகளுக்கு முன்னால் வெல்ல எனக்கு மனம் வரவில்லை.

"வேறை வழி தெரியேல்லை, ராசா" என்றேன்.

"ஓகே, ஆன்ட்டி" என்று ஆங்கிலத்துக்கு மாறினான். "வந்ததற்கு நன்றி. எனக்கு அசைன்மென்ட் இருக்கிறது."

மொய்ராவிடம் சொன்னேன். அவர் பச்சைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போ, ராஜி. யாரையாவது சாப்பிடக் கூப்பிடு" என்றார். போனேன். யாரைக் கூப்பிடுவது என்று காருக்குள் இருந்து யோசித்தேன். பிறகு காரை எடுத்தேன்.

ஆனாலும் அவனை விடவில்லை. பல்கலைக்கழகத்தின் உளவள ஆலோசகரிடம் சொல்லி அவனோடு தொடர்புகொள்ள வைத்தேன். முதலில் மறுத்தவன் பிறகு போனான் என்று மட்டும் அறிந்தேன். படித்து முடித்துச் சிட்னியில் வேலை கிடைத்துப் போனதை கிரெக் சொன்னார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் பல வருடங்கள் அதே மேசையில் கணுக்கால்களுக்குக் கட்டுப் போட்டேன். நிறையப் பேரை வெளியே உட்கார வைத்தேன். மொய்ரா ஓய்வுபெற்று மகளோடு இருக்கப் போய்விட்டார். என்னோடு தமிழில் பேச அங்கே பிறகு ஒருவரும் வரவில்லை.

நான் ஓய்வுபெறும்போது கழகம் தன் பழைய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் அறிவித்தது. பலர் வாழ்த்து அனுப்பினார்கள். தினேஷிடமிருந்து ஒரு வரி வந்தது: "சிட்னி வந்தா வீட்டுக்கு வாங்க ஆன்ட்டி."

போனேன். சிட்னியில் எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. பரமட்டா ஸ்டேஷனுக்குக் காரில் வந்து கூட்டிக்கொண்டு நார்த்மீட்டில் இருக்கிற வீட்டுக்குப் போனான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. மேகமூட்டமான நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டினான். வெளிச்சம் இன்னும் கூசுகிறதாம். அவன் மனைவி அகிலா, கோயம்புத்தூர்ப் பெண், "வாங்க ஆன்ட்டி, உங்களப் பத்தி சொல்லியிருக்காரு" என்று வரவேற்றாள். என்ன சொல்லியிருக்கிறான் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிட்டோம். குழந்தையைத் தூங்கவைக்க அவள் உள்ளே போனபோது, அவன் பேசத் தொடங்கினான்.

"நான் நிறைய படிச்சுப் பாத்தேன் ஆன்ட்டி. டாக்டர்கிட்டயும் கேட்டேன். அன்னிக்கு நீங்க செஞ்சது சரி. நான் திரும்ப உள்ள போயிருந்தா இன்னைக்கு இந்த வேலை, இந்தக் குழந்தை, ஒண்ணும் இருந்திருக்காது."

நான் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"ஆனா தேங்க்ஸ்னு சொல்ல வரல. பல தடவ போன எடுத்து வச்சிட்டேன். பொய்யா சொல்ல வேணாம்னு பாத்தேன்."

"சொல்ல வேண்டாம்."

"கோவமா ஆன்ட்டி?"

"இல்லையப்பா. நீ உண்மையைச் சொல்லுறாய்."

அவன் தலையை ஆட்டினான். உள்ளே அகிலா மெதுவாகப் பாடுவது கேட்டது. "நீங்க இப்ப சனிக்கிழமைல என்ன செய்றீங்க?" என்று கேட்டான்.

"ஒண்டும் இல்லை."

"நானும் ரொம்ப நாளு அப்டித்தான் இருந்தேன்" என்றான். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னதாக நினைத்திருப்பேன்.

பின்னேரம் என்னை ஸ்டேஷனில் இறக்கிவிட்டான். இறக்கிவிட்டுப் போவான் என்று நினைத்தேன். காரை நிறுத்திப் பூட்டிவிட்டு, என் பையை வாங்கிக்கொண்டு பிளாட்பாரம் வரைக்கும் வந்தான். அங்கிருந்த நீள வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் போகவேண்டிய ரயில் வந்து நின்று கதவைத் திறந்தது. அவன் பையை நீட்டவில்லை, நானும் எழும்பவில்லை. கதவுகள் மூடிக்கொண்டன. அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று இரண்டு பேருமே நேரப் பலகையைப் பார்க்கவில்லை.